குழாயைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தவர்

சொந்த வீட்டுக்கு இரண்டு முறை கிரகப்பிரவேசம் செய்த மனிதர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒருவர்தான். அதுவும் பதினைந்து வருடமாகக் குடியிருந்த வீட்டுக்கு. முதல் முறை செய்தது புரோகிதரைச் சோதித்துப் பார்க்க. இரண்டாவது முறை சமையல் கான்ட்ராக்டரைச் சோதித்துப் பார்க்க. இரண்டு முறையும் பசுமாடு வந்தது. இரண்டாவது முறை அந்த மாடே வாசலில் நின்று கொஞ்சம் யோசித்ததாக எங்கள் தெருவில் இன்றும் பேசிக்கொள்வார்கள்.

அவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. டைரக்டரி சார் என்றால் ஸ்ரீரங்கத்தில் ஆட்டோக்காரர்கூட நேராகக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் தெருவில் வீடு. கீழே அவரும் அவர் மனைவி கோமதி அம்மாவும். மாடியில் வாடகைக்கு நான்.

திருவெறும்பூர் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். காலம் முழுக்க, தட்டிப் பார்க்காமல், அளந்து பார்க்காமல் ஒரு போல்ட்டையும் வெளியே விட்டதில்லை. ரிடையர் ஆனதும் தட்டிப் பார்க்க வீட்டில் கோமதி அம்மாவைத் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை. காப்பிச் சூடு பற்றியும் தோசை வட்டம் பற்றியும் அவர் அபிப்பிராயம் சொல்ல ஆரம்பித்ததும், "வெளியில ஏதாவது வேலை பாருங்களேன்" என்று அந்த அம்மாதான் துரத்திவிட்டார். அப்படிப் பிறந்ததுதான் அந்த டைரக்டரிப் புத்தகம். பிளம்பர், எலக்ட்ரீஷியன், தச்சர், பந்தல்காரர் என்று ஊரில் உள்ள எல்லாரின் பெயரும் போன் நம்பரும் அதில் இருக்கும். மஞ்சள் அட்டை. தலைப்பு, 'யாரைக் கூப்பிடலாம்?' கடைக்காரர்கள் தரும் விளம்பரத்தில் அச்சுச் செலவு சரியாகிவிடும். பொங்கலுக்கு முன்னால் வீடு வீடாக ஸ்கூட்டரில் போய்ச் சும்மா கொடுப்பார். அதற்கப்புறம் அவர் நடையே வேறு மாதிரி இருக்கும்.

இதுவரை சரி. ஆனால் தன் வீட்டில் வேலை செய்து காட்டாத யாரையும் அவர் புத்தகத்தில் சேர்க்க மாட்டார். நல்ல நிலையில் இருக்கும் வீட்டில் ஆள் வந்து என்ன வேலை செய்வது? ஆகவே அவரே கெடுப்பார். குழாயைக் கழற்றிவிட்டு, ஈஸி சேரில் உட்கார்ந்து, பிளம்பர் வருகிற வரை சிரித்த முகத்தோடு காத்திருப்பார். தச்சருக்காக நல்ல நாற்காலியின் காலை அறுத்தார். ஏ.சி. மெக்கானிக்குக்காக, ஏ.சி.யே இல்லாத வீட்டுக்கு ஓடாத பழைய ஏ.சி. ஒன்றை வாங்கிவந்து மாட்டினார். பாம்பு பிடிப்பவரை மட்டும் சேர்க்க வழி தெரியாமல் ரொம்ப நாள் தவித்தார். எந்தக் காலத்திலும் அதற்கு வழி கிடைக்கக் கூடாது என்று கோமதி அம்மா சமயபுரத்துக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தார்.

சோதனை முடிந்ததும் பெயருக்குக் கீழே ஒரு வரி எழுதுவார். 'வேலை சுத்தம், பேச்சு அதிகம்.' 'சொன்ன நேரத்துக்கு வருவார், சொன்ன நாளில் அல்ல.' 'ஏணி கொண்டுவர மாட்டார், பக்கத்து வீட்டில் கேட்டு வைக்கவும்.' இந்த ஒரு வரிக்காக ஆட்கள் பரீட்சைக்கு வருகிற பிள்ளைகள் மாதிரி தலைவாரி, விபூதி பூசிக்கொண்டு வருவார்கள். பாலக்கரையிலிருந்து வந்த ஒரு பிளம்பர், என்னை மாடிப்படியில் ஓரமாக நிறுத்தி மெல்லக் கேட்டார்.

"சார், இந்த வாட்டி எந்தக் குழாயக் கழட்டிருக்காருன்னு தெரியுமா?"

"ஏங்க, உங்களுக்கு எதுக்கு?"

"பாத்ரூம் குழாய்னா சமாளிச்சிருவேன். சமையக்கட்டுன்னா அந்தம்மா திட்டுவாங்க சார், அதான் கேக்குறேன்."

கீழே குழாய் கழன்றால் மாடியில் எனக்குத் தண்ணீர் வராது. தலையில் ஷாம்புவோடு நான் நின்ற நாட்கள் அனேகம். "தம்பி, உங்க சிரமம் ஊருக்கே பிரயோஜனம்" என்பார் டைரக்டரி சார். என் கண்ணில் ஷாம்பு இறங்கிக்கொண்டிருக்கும்.

நியாயமாகச் சொல்லவேண்டும் என்றால், அந்தப் புத்தகமும் லேசுப்பட்டதல்ல. பொங்கலுக்கு அச்சான நம்பர் ஆடி மாதத்துக்குள் பாதி மாறிப்போயிருக்கும். ஒரு முறை என் ஃபேன் நின்றுவிட்டது. புத்தகத்தைப் பார்த்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், வையம்பட்டியிலிருந்து அவர் மாமியார் எடுத்தார். மாப்பிள்ளை துபாய் போய்விட்டாராம். எப்போது வருவார் என்று அந்த அம்மா என்னையே கேட்டார். வேறு வழியில்லாமல் செல்போனில் தேடினேன். அரை மணி நேரத்தில் ஓர் ஆள் பைக்கில் வந்து இறங்கினார். சத்தமில்லாமல் மாடிக்குக் கூட்டிப் போகலாம் என்று பார்த்தால், படிக்கட்டில் டைரக்டரி சார்.

"யாருங்க நீங்க? நம்ம புக்குல இருக்கீங்களா?"

"எந்த புக்கு சார்? நான் போன்ல இருக்கேன். ஃபைவ் ஸ்டார்."

"யாரு குடுத்தது?"

"கஸ்டமருங்க குடுத்தது சார்."

"உங்க மச்சான் எத்தனை பேரு?"

ஃபேன் நன்றாகச் சுற்றியது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, சுற்றும் ஃபேனையே வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

அதன்பின் நடந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஊர் முழுக்கப் போனில் தேடத் தொடங்கியது. கடைக்காரர்கள் விளம்பரத்தை நிறுத்தினார்கள். அவர் புத்தகத்தால் பிழைத்த ஆட்களே, "சார், இப்ப எல்லாம் போன்லயே வந்துருது சார், நீங்க எதுக்கு வெயில்ல அலையுறீங்க" என்று அன்பாகவே சொன்னார்கள். திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பார். அன்பாகச் சொன்னதால் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டார். அந்தப் பொங்கலுக்குப் புத்தகம் வரவில்லை.

எனக்குச் சந்தோஷம்தான், ஒளிப்பானேன்? குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. கோமதி அம்மாவும் முதலில் பூரித்துப் போனார். "வீடு வீடா இருக்கு தம்பி, இப்பத்தான் நிம்மதி" என்றார்.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. டைரக்டரி சார் ஈஸி சேரை விட்டு எழுந்திருப்பதே அரிதாகிவிட்டது. பேப்பரைக் கடைசிப் பக்கத்தின் கடைசி வரிவரை படித்துவிட்டு மறுபடியும் முதல் பக்கத்துக்கு வருவார். தோசை கோணலாக இருந்தாலும் பேசாமல் சாப்பிட்டார். ஒருநாள் வேண்டுமென்றே காப்பியை ஆறவைத்துக் கொடுத்ததாகவும், அதையும் குடித்துவிட்டாரென்றும் அந்த அம்மா என்னிடம் சொன்னார். "குறை சொல்லாம இருந்தா அவரு அவராவே இல்ல தம்பி. எனக்கு பயமா இருக்கு" என்றார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

போன மாதம் ஒரு காலை. தலை நிறைய ஷாம்புவோடு நிற்கிறேன், தண்ணீர் நின்றுவிட்டது. மொட்டை மாடியில் ஏதோ சத்தம். துண்டோடு ஓடிப்போய்ப் பார்த்தால், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, தொப்பலாக நனைந்து, கையில் ஸ்பேனரோடு கோமதி அம்மா. பைப்பிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடிக்கிறது.

"அம்மா, என்ன பண்றீங்க?"

"சத்தம் போடாதீங்க தம்பி, அவருக்குக் கேட்டுரப் போவுது. உங்க போன்ல ஒரு பிளம்பரைப் பாருங்க. புது ஆளா இருக்கணும். அவருக்குத் தெரியாத ஆளு."

ஷாம்புத் தலையோடு நின்று தேடினேன். உறையூரிலிருந்து ஒருவர் வந்தார். அவர் பையை இறக்கி வைப்பதற்குள் டைரக்டரி சார் மொட்டை மாடிக்கு வந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். எங்கே தொழில் பழகினீர்கள், ஏன் அந்த ஸ்பேனர், டேப்பை ஏன் இந்தப் பக்கம் சுற்றுகிறீர்கள் என்று ஒரு மணி நேரம் அந்த மனிதரைப் பிழிந்து எடுத்தார். வேலை முடிந்ததும் பிளம்பர், "சார், போன்ல ஸ்டார் மட்டும் போட்டுருங்க" என்றார்.

"ஸ்டாரை வெச்சு யாருக்குங்க என்ன தெரியும்? தம்பி, நான் சொல்றேன், நீங்க அடிங்க."

அடித்தேன். 'ஒழுகல் நின்றது. கேள்வி கேட்டால் முகம் சுளிக்கவில்லை. ஈரக் கையைச் சுவரில் துடைக்கிறார், துணி கொடுத்து வைக்கவும்.' பிளம்பர் படித்துப் பார்த்துவிட்டுக் கும்பிட்டுப் போனார். டைரக்டரி சார் போனை என் கையிலிருந்து வாங்கி, தான் சொன்னது அதில் நிற்கிறதா என்று பார்த்தார். நின்றது. "இதுல நம்பர் மாறினா மாத்திக்கலாமா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

நான் இறங்கப் போகும்போது தோளைத் தொட்டு நிறுத்தினார். பைப்பைக் காட்டினார்.

"நட்டு தானாக் கழலாதுங்க. ஸ்பேனர் பட்ட தடம் பாருங்க. யாரோ கழட்டிருக்காங்க."

நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"கழட்டத் தெரியல. மொதல்ல எதிர்ப்பக்கமாவே திருப்பித் திருப்பிப் பார்த்திருக்காங்க. அது இன்னும் இறுகிருக்கு." அவர் குரல் தணிந்தது. "பாவம், கை என்னமா வலிச்சிருக்கும்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போனார். தைலம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவர் கேட்பதும், எதற்கு என்று அந்த அம்மா கேட்பதும், அலமாரிக் கதவு திறப்பதும் படிக்கட்டில் நின்ற எனக்குக் கேட்டது.

இப்போதெல்லாம் அந்த வீட்டில் அடிக்கடி ஏதாவது கெட்டுப்போகிறது. தண்ணீர் நின்றால் வாளியை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போகிறேன். வேறு வீடு பார்க்கலாமே என்கிறார்கள் நண்பர்கள். பார்க்கலாம்தான், எனக்கு மனசு வரவில்லை.