மூலை கறுத்த சாரணர் ஸ்டாம்பு

அரியலூர்
18-9-1947

சிரஞ்சீவி மைத்துனன் வேணுகோபாலுக்கு உத்திராபதி அநேக ஆசீர்வாதம். இங்கு நானும் உன் அக்கா தனமும் குழந்தைகளும் சௌக்கியம். நீயும் மார்சேல்ஸ் பட்டணத்தில் உயிரோடு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். "உயிரோடு" என்று ஏன் எழுதினேன் என்பது கீழே விளங்கும்.

போன கடிதத்தில் நீ இரண்டு சங்கதி எழுதியிருந்தாய். சாரணர் இயக்கத்தின் ஆண்டு விழாவுக்கென்று அங்கே புது ஸ்டாம்பு போட்டிருக்கிறார்கள், அடுத்த உறையில் ஒட்டி அனுப்புகிறேன் என்பது ஒன்று. பதினாலு வருஷம் கழித்து ஊருக்கு வருவதா, அங்கேயே இருந்துவிடுவதா என்பதையும் அதிலேயே சொல்லிவிடுகிறேன் என்பது மற்றொன்று. அன்றிலிருந்து தபால்காரர் செல்லக்கண்ணு தெருமுனையில் தலைகாட்டினாலே நான் எழுந்து நின்றுவிடுவேன்.

நேற்று நான் பஸ் ஏறிப் பெரம்பலூர் போயிருந்த சமயம் பார்த்துக் கடிதம் வந்துவிட்டது. உன் மார்சேல்ஸ் தபாலாபீசுக்காரன் முத்திரையை மையில் முக்கியெடுத்துக் குத்தியிருக்கிறான், ஸ்டாம்பு ஒட்டிய மூலை பூராவும் கறுப்பு. நம் பக்கத்தில் சாவுச் சேதிக்குத்தான் மூலையில் கறுப்பு மை தடவுவார்கள், சேதி தெரிந்ததும் கிழித்துப் போட்டுவிடுவார்கள் என்பது அந்த வெள்ளைக்காரனுக்கு எப்படித் தெரியும்? உன் அக்கா மூலையைப் பார்த்தாள், "ஐயோ தம்பி!" என்று ஒரே அலறல். பக்கத்து வீட்டு உண்ணாமலை ஓடிவந்து, "யாருகிட்டயாவது குடுத்துப் படிக்கச் சொல்லு தனம்" என்றதற்கு, "படிச்சா மட்டும் எந்தம்பி எழுந்து வந்துருவானா?" என்று கிழித்துக் கொல்லையில் வீசிவிட்டாள். நான் வந்து பார்க்கிறேன், வூடு நிறைய பொம்பளைங்க, மாரடிக்கிறாங்க. "உறைமேல அவன் எழுத்துதானேடி இருந்திருக்கும்! செத்தவன் எப்படி எழுதுவான்?" என்றேன். "சாகறதுக்கு முந்தியே எழுதி வெச்சிருப்பான், எங்கூட்டுப் பிள்ளைக்கு எப்பவும் முன்யோசனை" என்கிறாள். அதில் பெருமை வேறே!

கொல்லைக்கு ஓடினால் ஆடு முந்திக்கொண்டது. மிஞ்சியது ஸ்டாம்பு ஒட்டிய மூலையும் "வரு" என்ற இரண்டு எழுத்தும்தான். வருகிறேனா, வருவதற்கில்லையா? ஆட்டைக் கேட்டால் சொல்லுமா?

ஸ்டாம்பை உற்று உற்றுப் பார்த்தேன். கறுப்புக்கு நடுவே தொப்பியும் கழுத்துக்குட்டையுமாகச் சாரணன் ஒருவன் கூடாரத்தின் முன்னால் நிற்கிறான். பெரம்பலூர் முகாமில் நாமும் அப்படித்தானே நின்றோம்? கஞ்சி போட்ட நிக்கர் கசங்கிவிடும் என்று நாள் பூராவும் நீ உட்காரவே இல்லையே! மழையில் கூடாரம் சரிந்தபோது நான் போட்ட முடிச்சை எனக்கே அவிழ்க்கத் தெரியவில்லை. நனைந்த உப்புமாவை ஆளுக்குப் பாதி தின்றோம். அந்தச் சிநேகத்தில்தானே உன் அக்காவையே கட்டிக்கொண்டேன். எனக்கு ஸ்டாம்பு கிடக்கட்டும் மாப்ளே, நீ வந்தால் போதும். எழுதும்போதே கண் கலங்குகிறது.

ஆகையால் அந்தக் கடிதத்தில் எழுதியதை அப்படியே மறுபடி எழுதவும். முத்திரை குத்துகிறவனிடம் மையைக் குறைக்கச் சொல்லவும். உன் உடம்புக்கும் உத்தியோகத்துக்கும் கல்லங்குறிச்சிப் பெருமாள் காவல்.

இப்படிக்கு,
உன் அக்கா புருஷன்
உத்திராபதி

பி.கு.: இதை மடிக்கும்போது ரயிலடியிலிருந்து வண்டி ஒன்று வாசலில் வந்து நிற்கிறது. இறங்குகிறவன் நீதான்! கடிதமும் நீயும் ஒரே கப்பலில் வந்திருக்கிறீர்கள். உண்ணாமலை "ஆவி!" என்று ஓடிவிட்டாள். தனம் உன்னைக் கட்டிக்கொண்டு, நேற்று நீ செத்ததற்கு அழுததைவிட அதிகமாக அழுகிறாள். இந்தக் கடிதத்தை உன் கையிலேயே தருகிறேன். நீ படித்து முடிப்பதற்குள் அவள் பிடியை விட்டால் தேவலை, நானும் உன்னை ஒருமுறை கட்டிக்கொள்ள வேண்டும்.