ஸ்லீவா, பைபாஸா?

தையல்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். உடம்பைக் குறைத்தே தீருவது. நடந்து அல்ல, வாயைக் கட்டியும் அல்ல. ஆபரேஷன்! கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப், அவர் இடுப்பைச் சுற்றி வந்து முனையோடு முனை சேர மறுத்த அன்று எடுத்த முடிவு அது.

ஒரு வாரம் டாக்டர்களின் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினார். பிறகு வெட்டு மேஜையில் துணியை விரித்து, சாக்கட்டியால் வயிறு வரைந்து, மனைவிக்கு வகுப்பெடுத்தார்.

“பலூன் வேணாம். வயித்துக்குள்ளே வச்சு ஊதிட்டு, ஆறு மாசத்துல எடுத்துடுவாங்க. வாடகை வீடு மாதிரி.”

“சரி.”

“பைபாஸ்னா சாப்பாடு பாதிக் குடல் பக்கமே வராம சுத்திப் போயிடும். உன் அண்ணன் நம்ம தெருவைச் சுத்திப் போவாரே, அப்படி.”

“எங்க அண்ணனை ஏன் இழுக்கறீங்க?”

“ஸ்லீவ்தான் நம்ம தொழில்! வயித்தை நெடுக வெட்டி, சட்டைக்கை மாதிரி ஒடுக்கித் தைச்சிடுவாங்க.”

“வெட்டின துண்டு?”

“போனது போனதுதான்.”

“நீங்க யாருக்குத் தைச்சாலும், பின்னாடி பிரிச்சு விட்டுக்க உள்ளே ரெண்டு விரல் துணி விடுவீங்களே. டாக்டர் விடுவாரா?”

 தையல்காரர் சாக்கட்டியைக் கீழே வைத்தார்.

“துணி விடமாட்டார். அதனாலதான் துணிச்சல் வேணும்ங்கறேன்!”

மனைவி மறுத்துப் பேசவில்லை. அவளே போன் செய்து, டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டரும் ஸ்லீவுக்கே தலையாட்டினார். “ஆனா அதுக்கு முன்னாடி ஈரல்ல இருக்கிற கொழுப்பு குறையணும். இனிப்பு, பொரிச்சது கூடாது. தினமும் நடங்க.”

ஆபரேஷனுக்காகத்தானே! தையல்காரர் வாயைக் கட்டினார், நடந்தார். படையெடுத்துப் போகிற மிடுக்கு. யார் கேட்டாலும், “ஆபரேஷனுக்குத் தயாராகறேன்” என்று மீசையைத் தடவினார்.

ஆபரேஷன் தேதி நெருங்கியது. “ஆஸ்பத்திரியில தள்ளிப் போட்டாச்சு” என்றாள் மனைவி. வந்த கோபத்தில் அன்று இரண்டு தெரு கூடுதலாக நடந்தார். தேதி மறுபடி தள்ளிப் போயிற்று. மறுபடி கோபம், மறுபடி தெரு.

கடைசியில் ஒருவழியாக டாக்டர் முன்னால் போய் நின்றார். டாக்டர் எடை மிஷினைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். “இனிமே உங்களுக்கு ஆபரேஷன் தேவையில்லைங்க. இப்படியே தொடருங்க, போதும்.”

வீடு வரைக்கும் நெஞ்சு முன்னால் போனது, வயிறு பின்னால் வந்தது.

“பாத்தியா! ஸ்லீவ், பைபாஸ், பலூன், எல்லாத்தையும் தோக்கடிச்சுட்டேன். மேல ஒரு கத்தி படல. எல்லாம் என் ஒருத்தன் சாமர்த்தியம்!”

“பின்னே? உங்க சாமர்த்தியம்தாங்க” என்றாள் மனைவி, முகமெல்லாம் பெருமையாக. “ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுத் தேதியைத் தள்ளி வச்சது மட்டும்தான் நான்.”