குதிரைக் கடைக்கு எதிராக ஒரு பெட்டிசம்

உலகத்தில் எவர் மீதும் எதன் மீதும் பெட்டிசம் எழுதக்கூடிய ஒரே மனிதர் ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில், எங்கள் கட்டடத்தின் ஏழாம் மாடியில் இருந்தார். அதிகாரிகளுக்கு முறைப்பாடு எழுதிப் போடுவதை நாங்கள் பெட்டிசம் என்போம். அவருடைய உண்மையான பெயர் தபால்காரருக்குத்தான் தெரியும். எங்களுக்கு அவர் பெட்டிசம் அண்ணை.

லிஃப்ற் நின்றால் எழுதுவார். ஓடினாலும் எழுதுவார், சத்தம் போடுகிறதாம். சலவை அறையில் ஒரு காலுறை காணாமல்போன அன்று, 'எடுத்தவர் மற்றதையும் வந்து வாங்கிக்கொள்ளவும், ஒன்று எனக்குப் பயனில்லை' என்று சுவரில் ஒட்டிவைத்தார். கொழும்புக் கந்தோரில் கிளாக்காக இருந்தவர். நடுவில் எவ்வளவு திட்டினாலும் 'தங்கள் பணிவுள்ள ஊழியன்' என்றுதான் முடிப்பார். ஆனால் ஆங்கிலம் கையில்தான் இருந்தது. வெள்ளைக்காரரைக் கண்டால் வாய் திறவாது.

தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் கட்டடத்துக்குக் கீழே இருந்த பிளாசாவில் துணிக்கடை பூட்டுப்பட்டது. அந்த இடத்தில் குதிரைப் பந்தயக் கடை வரப்போவதாக அறிவித்தல் தொங்கியது. ரீவியில் குதிரை ஓடும், இங்கேயிருந்து பணம் கட்டலாம். எங்கள் பக்கம், பஸ் பிடித்துப் போகிற தூரத்தில், இப்படி ஏற்கனவே இரண்டு இருந்தன. எங்கள் வட்டாரக் கவுன்சிலர் குடியிருந்த ஏரிக்கரைப் பக்கம் ஒன்றுகூட இல்லை.

எல்லோரும் வேண்டாம் என்று எழுத, அண்ணை வேண்டும் என்று கவுன்சிலருக்கு எழுதினார். 'இந்தப் பாக்கியம் எங்களுக்கு மட்டும் கிடைப்பது நியாயமில்லை. தங்கள் வீதியிலும் ஒன்று திறக்கவும். அங்குள்ளவர்களுக்கும் குதிரையில் ஆசை இருக்கலாம், கேட்டுப் பார்த்தீர்களா?' கட்டடமே விழுந்து விழுந்து சிரித்துக் கையெழுத்து வைத்தது. கவுன்சிலர் நேரில் வந்துவிட்டார்.

கீழே பார்ட்டி ஹோலில் கூட்டம். தன் வீதியில் கடை வைக்கச் சட்டம் இடம் தராது என்றார். இங்கே அனுமதி கொடுப்பது மாகாணம், தான் அல்ல என்றார். விரும்பியவர் போகலாம், விரும்பாதவர் விடலாம், அவரவர் பொறுப்பு என்றும் சொன்னார். மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்திருந்தது. அண்ணை எழும்பினார்.

"தம்பி, உவருக்குச் சொல்லும். நான் குதிரைக்குக் காசு கட்டுறவன்."

எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

"மனுசி பிள்ளையளை யாழ்ப்பாணத்தாலை எடுக்க வைச்ச காசு. இப்ப கடைக்கு ரெண்டு பஸ் மாறிப் போகோணும். முதல் பஸ்ஸாலை இறங்கிக் குளிருக்கை நிக்கேக்கை பிள்ளையளின்ரை முகம் வரும். பாதி நாள் திரும்பி வந்திடுவன். கடை கீழை வந்தால் நான் எங்கை நிண்டு யோசிக்கிறது?"

அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். கவுன்சிலர் தலையாட்டிவிட்டு, இதற்கென்று ஆலோசனை நிலையங்கள் இருக்கின்றன என்றார்.

"ஓம், என்ரை காலுக்கு நான்தான் பொறுப்பு. கடையைக் கொண்டுவந்து என்ரை காலடியிலை வைக்கிறதுக்கு ஆர் பொறுப்பு எண்டு கேளும்."

கேட்டேன். கவுன்சிலருக்கு அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. இரண்டு மாதத்தில் கடை திறந்தது. ரிப்பன் வெட்டியவரும் அவரேதான்.

மறுநாள் அண்ணை ஒரு தாளோடு என் கதவைத் தட்டினார். கடை மனேச்சருக்குப் பெட்டிசம். 'ஏழாம் மாடியில் வசிக்கும், தடித்த கண்ணாடி அணிந்த, படத்தில் காணப்படும் நபரை உள்ளே விடவேண்டாம் என்று அயலவர்கள் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.' படத்தில் இருந்தவர் அண்ணைதான்.

"என்னண்ணை, உங்களுக்கு எதிராய் நீங்களே எழுதியிருக்கிறியள்?"

"வேறை ஆர் எழுதித் தருவினம்? கையெழுத்தை வையும்."

வைத்தேன். எல்லோரும் வைத்தார்கள். மனேச்சர் சிரித்துக்கொண்டு அதை மேசை லாச்சிக்குள் போட்டதோடு சரி.

பந்தயம் களைகட்டுகிற நாள் சனிக்கிழமை. அன்று மத்தியானம் யாராவது ஒருவர் ஏழாம் மாடிக்குப் போய், "அண்ணை, அவசரமாய் ஒரு பெட்டிசம் எழுதித் தாங்கோ" என்று நிற்கத் தொடங்கினோம். இல்லாத எலிக்கும், ஒழுகாத குழாய்க்கும் பக்கம் பக்கமாக எழுதினார். அவருக்கு விளங்காமல் இருந்திருக்காது. ஒருநாளும் கேட்கவில்லை.

என் முறைக்கு நான் பிரிட்ஜைச் சொன்னேன். அது புத்தம் புதியது. கெட்டிக்காரனும் விசரனுமான அந்த மனிதரில் எனக்கு அப்படியொரு பிரியம். அவருடைய மனுசியும் பிள்ளைகளும் ரொறன்ரோவில் வந்து இறங்கும்வரை, இரண்டு வருடம், என் பிரிட்ஜ் பழுதாகத்தான் இருந்தது.