ஏழாவது கட்டம்

உலகக் காவல்துறையின் வரலாற்றைப் பொன்னெழுத்தில் எழுத நேர்ந்தால், முதல் அத்தியாயம் எங்கள் நிலையத்தின் புகார்ப் படிவத்துக்குத்தான். அதை நிரப்பும் எழுத்தர் அடியேன்.

படிவத்தில் ஏழாவது கட்டம், 'பாதிக்கப்பட்டவர் பிறந்த நாடு'. எட்டாவது, 'நடந்தது என்ன?' கார்பன் வைத்து எடுக்கும் ரோஸ் நகல் நேரே குடியேற்ற அலுவலகத்துக்குப் போய்விடும். முக்கியமானதை முதலில் கேட்பதல்லவா நிர்வாகம்!

போன மாதம் ஓட்டல் சமையல்காரர் ஒருவர் மண்டை உடைந்து வந்தார்.

"தெருமுனையில நிக்கற முரடன் அடிச்சுட்டான் சார்!"

"அவசரப்படாதீங்க. எந்த நாட்டுல பொறந்தீங்க?"

சொன்னார். எட்டாவது கட்டத்துக்கு நான் வருவதற்குள் குடியேற்ற அலுவலக வண்டி வந்துவிட்டது. விசா முடிந்த ஒருவரை இருபதே நிமிடத்தில் 'கண்டுபிடித்தோம்'. எங்கள் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். முரடனை இன்னும் 'தேடி'க்கொண்டிருக்கிறோம். அவன் தெருமுனையிலேயேதான் நிற்கிறான். உள்ளூரில் பிறந்தவன், ரோஸ் நகலுக்கு அவனிடம் வேலை இல்லை.

அதன்பின் எங்கள் வட்டாரத்தில் புகாரே கிடையாது. அடி வாங்கியவர்கள் எல்லாரும் மாடிப்படியில் விழுந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். 'குற்றமற்ற வட்டாரம்' என்று மேலிடம் கேடயம் கொடுத்தது. தினமும் நான்தான் துடைக்கிறேன்.

நேற்று மாலை கடைவீதியில் எவனோ பின்னாலிருந்து என் மனைவியின் சங்கிலியை அறுத்து, அவளைக் கீழே தள்ளிவிட்டு ஓடினான். கை முறிந்துவிட்டது. பார்த்த ஒரே ஆள், அங்கே கடை வைத்திருக்கும் தையல்காரம்மா. ஓடினேன்.

"ஆளைப் பாத்தியாம்மா?"

"நல்லாப் பாத்தேண்ணே. அக்காவைத் தூக்கி உக்கார வச்சதே நான்தான்."

"அப்ப ஸ்டேஷனுக்கு வந்து சொல்லும்மா."

"சாட்சிக்கும் அந்த ஏழாவது கட்டம் உண்டாண்ணே?"

"உண்டு..."

அவள் தைப்பதை நிறுத்தவில்லை. "உங்க பெஞ்சுல உக்காந்திருந்த சமையல்காரர் என் வீட்டுக்காரர்ணே. அவரும் சொல்லத்தான் வந்தாரு. வீட்டுல ரெண்டு பிள்ளைங்க இருக்கு. நான் எதையும் பாக்கலைண்ணே."

வெட்கம் பிடுங்கித் தின்றது. கட்டுப்போட்ட கையோடு மனைவி வீட்டு வாசலிலேயே காத்திருந்தாள்.

"யாருன்னு தெரிஞ்சுதா?"

வாய் பழக்கத்தில் வந்துவிட்டது: "பேசாம, மாடிப்படியில விழுந்துட்டேன்னு சொல்லிடேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நம்ம வீட்டுக்கு ஏதுங்க மாடி? கையை ஒடிச்சவன் எவனோ. பாத்தவ வாயைக் கட்டினது நீங்கதானே?"