எரியாத பேஸ்ட்

தோட்டத்துக் குழாயடியில் குனிந்து நின்று ஜெயப்பிரியா துப்பிக்கொண்டிருந்தாள். வாய் நிறைய நுரை. கன்னத்தின் உட்பக்கம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது. பல் கூச்சத்துக்கென்று புதிதாக வாங்கிய பேஸ்ட். கூச்சம் போகவில்லை, வாய்த்தோல்தான் உரிந்துகொண்டிருந்தது.

"இன்னாடி, குமட்டிக்கினு வருதா?"

பின்னால் மாமியார் செல்லாயி. நுரையோடு பேச முடியவில்லை. கொப்பளித்துவிட்டுச் சொல்கிறேன் என்கிற அர்த்தத்தில் ஜெயப்பிரியா தலையை ஆட்டினாள். அவள் நிமிர்ந்தபோது செல்லாயியைக் காணோம்.

கல்யாணமாகி நாலு வருஷம். அவர்கள் ஊரான பெருநகர் கிராமத்தில் யார் வீட்டில் வளைகாப்பு என்றாலும், "நீ முன்னாடி போயி நிக்காத. அவங்க மனசு சங்கடப்படும்" என்று சொல்லித்தான் செல்லாயி அவளை அழைத்துப் போவாள்.

உத்திரமேரூரில் மெடிக்கல் கடை வைத்திருக்கும் மோகனிடம் சொல்லி வேறு பேஸ்ட் வாங்கி வந்தாள். கிராம்பு போட்டது. அதில் நாக்கும் புண்ணானது. மதியம் காரக்குழம்பைத் தொட்டதும் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"வாய்க்கு ஒத்துக்கல அத்தை."

"ஒத்துக்காது, ஒத்துக்காது!" செல்லாயிக்கு முகமெல்லாம் பல். "நீ எழுந்திருக்காத. தட்டை நான் எடுக்குறேன்."

அந்த வீட்டில் அவள் தட்டை வேறொருவர் எடுத்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரத்தில் செல்லாயி ஒரு கிண்ணம் நிறைய மாங்காய்க் கீற்று கொண்டுவந்து வைத்தபோதுதான் ஜெயப்பிரியாவுக்கு விஷயம் புரிந்தது.

"அத்தை, அது வந்து..."

"வெக்கப்படாத, சாப்புடு."

ஒரு கீற்றைக் கடித்தாள். கூச்சம் பல்லில் ஏறி மண்டைக்குள் போனது. கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"அழுவாதடி கண்ணு. சாமி கண்ணைத் தொறந்துட்டாரு" என்று செல்லாயியும் அழுதாள்.

கண்ணு! நாலு வருஷத்தில் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஜெயப்பிரியா இன்னொரு கீற்றை எடுத்தாள்.

ஒரகடம் கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து வந்த மகன் சுகுமாரின் வாயில் செல்லாயி ஒரு பிடி சர்க்கரையைப் போட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன் அதை விழுங்காமல் அப்படியே நின்றான்.

"இன்னாடா, பேயறைஞ்ச மாதிரி கீற?"

"ஒண்ணுமில்லம்மா."

அதற்குப் பிறகு அவன் பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை. அடுத்த ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது மட்டும் கேட்டான்.

"நான் இல்லாதப்போ வூட்டுக்கு யார்னா வர்றாங்களா?"

"யாரு வரப்போறாங்க? பால்காரருதான்."

"பால்காரரா?"

மறுநாளிலிருந்து பாக்கெட் பால் வந்தது. பிள்ளைக்குச் சுத்தமான பால் வேண்டுமென்று மனுஷன் எவ்வளவு யோசிக்கிறார் என்று ஜெயப்பிரியாவுக்குக் குற்றவுணர்ச்சியாக இருந்தது.

தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஆளாளுக்கு எலுமிச்சை ஜூஸ், புளிச்சாதம், நெல்லிக்காய் என்று கொண்டுவந்தார்கள். எல்லாம் பல்லுக்கு எமன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடும்போதெல்லாம் பார்த்தவர்களுக்குச் சந்தோஷம். மசக்கை கொஞ்சம் அதிகம்தான் என்று பேசிக்கொண்டார்கள்.

செல்லாயி வளைகாப்புக்கு யார் யாரை அழைப்பது என்று ஆரம்பித்ததும் ஜெயப்பிரியா பயந்துபோனாள். புருஷனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இன்னாங்க, கோச்சிக்காதீங்க. வவுத்துல ஒண்ணுமில்ல. பல்லுதான் கூசுது. பேஸ்டு ஒத்துக்காம வாயெல்லாம் புண்ணு."

சுகுமார் அவளையே பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவள் கையைப் பிடித்து, "பல்லா? வெறும் பல்லா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். கோபிப்பான் என்று நினைத்தவளுக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனாலும் இவ்வளவு சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று மனசின் ஒரு மூலையில் உறுத்தியது.

செல்லாயியிடம் அவனே போய்ச் சொன்னான். அவள் ஜெயப்பிரியாவின் முன்னால் வந்து நின்றாள்.

"என்னை ஊர் சிரிக்க வெச்சிட்டியே! எம்புள்ள ராஜாவாட்டம் கீறான். உன்னைக் கட்டினதுக்கு அவன் வாரிசு இல்லாம நிக்கிறான். காய்க்காத மரத்துக்கு மாங்காய் வேற கேக்குது!"

சுகுமார் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெயப்பிரியா பஸ் ஏறி உத்திரமேரூர் போனாள். மோகன் அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உள்ளேயிருந்து ஒரு சின்ன டியூப்பை எடுத்து வந்தான்.

"உங்களுக்கு நுரை வர்றதுக்குப் போடுற மருந்துதான்கா ஒத்துக்கல. இதுல நுரையும் வராது, புதினாவும் கெடையாது. எரியவே எரியாது."

விரல் நுனியில் கொஞ்சம் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். எரியவில்லை. பல நாளைக்குப் பிறகு வாய்க்குள் நிம்மதி. அவள் சிரித்தே விட்டாள். மோகனும் சிரித்தான்.

"போன வாரமே அத்தை வந்து நல்ல சேதி சொல்லிட்டுப் போனாங்கக்கா. கொறை தன்னோடதுதான்னு தெரிஞ்சு, காஞ்சிபுரம் டாக்டரே கையை விரிச்சப்புறமும், மூணு வருஷமா இங்க வந்து மாத்திரை வாங்கிச் சாப்டுக்கினு கீறாரு நம்ம சுகுமார் அண்ணன். அந்த மாதிரி ஆம்பளை கெடைக்க நீங்க குடுத்து வெச்சிருக்கணும்கா."