செப்படி வித்தையும் சிவப்புத் தண்ணியும்

அர்த்தம் தெரியாத சொல்லை மேடையில் பேசுவதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது. கேட்பவர்களுக்கும் அர்த்தம் தெரியாத வரைக்கும் அந்தச் சுகம் நிலைக்கும்.

ஐம்பதுகளின் கடைசி. எனக்கு இருபது வயது. இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அந்த மலையில் என்னைவிடத் தமிழ் படித்தவர் கிடையாது என்பது என் எண்ணம். (பள்ளிக்கூடத்தில் வேறு டீச்சரே கிடையாது. அதனால் போட்டியும் இல்லை.)

பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கூரை போட்டு ஒரு விழா வைத்தார்கள். மேடையில் தோட்ட நிர்வாகியான துரை, பெரிய கிளாக்கர், தோட்டத்து மருந்தாளர் சிவலிங்கம் ஐயா. நன்றியுரை நான். வெறும் நன்றியுரை என்றால் பரவாயில்லை. ஐயாவின் மகன் நோட்டன் பிரிட்ஜ் மின்சார நிலையத்தில் வேலை பார்த்தார். அவருக்கு என்னைக் கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. ஆகவே வருங்கால மாமனாரை மேடையிலேயே குளிரவைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

'கெட்டிக்காரர்', 'கைராசிக்காரர்' எல்லாம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லோரும் சொல்கிற சொற்கள். எனக்கு வேண்டியது கனமான சொல். எப்போதோ ஒரு பத்திரிகையில் பார்த்த 'செப்படி வித்தை' ஞாபகம் வந்தது. செப்புதல் என்றால் சொல்லுதல். ஆக, செப்பியபடி செய்து காட்டுகிற வித்தை. நோய் தீரும் என்று சொல்லி, சொன்னபடி தீர்த்துவைக்கிற மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா? (அகராதி ஹட்டனில் எங்கள் வீட்டில் இருந்தது. நான் மலையில் இருந்தேன்.)

"நமது மருந்தாளர் ஐயா அவர்கள் பல்லாண்டு காலமாக இத்தோட்ட மக்களிடம் காட்டிவருவது வெறும் வைத்தியமா? செப்படி வித்தை" என்றேன். கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினேன்.

பின்னால் நின்ற ஒரு கொழுந்து பறிக்கிற அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். அப்புறம் கூட்டமே சிரித்தது. பிடித்துவிட்டது போல என்று நினைத்து, இன்னொரு தடவையும் சொன்னேன்.

தலைவலி, வயிற்றுவலி, இடுப்புப் பிடிப்பு எல்லாவற்றுக்கும் ஐயா கொடுப்பது ஒரே சிவப்புத் தண்ணி என்பது தோட்டம் முழுக்கத் தெரிந்த விஷயம். எனக்கு மட்டும் தெரியாது. இப்போது அவர் முகமும் அந்த நிறத்துக்கு வந்திருந்தது.

துரை கிளாக்கர் பக்கம் சாய்ந்து, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று இங்கிலீஷில் கேட்டார்.

"மேஜிக், சார். டிஸ்பென்சர் மருந்து மேஜிக் மாதிரி வேலை செய்யுதாம்" என்று கிளாக்கர் இங்கிலீஷிலேயே சொன்னார்.

துரை மகிழ்ந்துபோய் எழுந்து ஐயாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்கும் கூட்டம் சிரித்தது.

விழா முடிந்ததும் கிளாக்கர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"செப்புன்னா சின்ன டப்பா, டீச்சர். டப்பாவக் கவுத்துப்புட்டு, உள்ள இருந்த உருண்டைய இல்லாம ஆக்குவானே சந்தையில, அவன் வேலைக்குத்தான் அந்தப் பேரு. ஆள ஏமாத்துறவனையும் அப்படித்தான் சொல்லுவாங்க."

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. கல்யாணம் போனால் போகட்டும், வேலையும் போய்விடும் என்று பெட்டியைக் கட்டிவைத்தேன்.

மறுநாள் காலை பேர் பதியும் பெரட்டு முடிந்து, ஆட்கள் மலைக்குப் போன பிறகு, ஐயா பள்ளிக்கூடத்துக்கே வந்தார். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்.

"டீச்சரம்மா, ஒங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"எதைங்கய்யா?"

"நான் பண்றத."

நான் அழுதுகொண்டே என் செப்புதல் இலக்கணத்தை முழுசாக ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார், இருமல் வருகிற வரைக்கும்.

"தெரியாமலே சரியாச் சொல்லிட்டீங்க" என்றார். "பாதிப் பேருக்கு நோவே இல்லம்மா. மழையில நின்னு நின்னு அலுப்பு. அலுப்புக்கு லீவு கேட்டா தொர குடுப்பாரா? அதான் செவப்புத் தண்ணிய ஊத்திக் குடுத்து, காய்ச்சல்னு ரெண்டு நாள் லீவு எழுதுறேன். கொணமாக்குறது லீவுதான். நேத்து கிளாக்கர் மட்டும் ஒழுங்கா மொழிபெயர்த்திருந்தா, நானும் போயிருப்பேன், அவங்க லீவும் போயிருக்கும்."

கூட்டம் அப்படிச் சிரித்தது ஏன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று துரையையும் என்னையும் தவிர எல்லோருக்கும் தெரியும்.

"மன்னிச்சிருங்கய்யா."

"வெள்ளிக்கிழம வாறோம். வீட்டுல சொல்லிருங்க" என்று எழுந்து போனார்.

வந்தார்கள். கல்யாணமும் நடந்தது. மாமா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அந்தச் சொல் மட்டும் எங்கள் வீட்டில் எந்த அகராதியிலும் இல்லாத அர்த்தத்தில் புழங்குகிறது. போன மாதம் ஒரு நாள் என் மூத்த மகன் விடிந்து வெகுநேரமாகியும் போர்வைக்குள்ளேயே கிடந்தான். மருமகள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காய்ச்சலா?"

"செப்படி" என்றான்.

அவள் நேராக அவனுடைய ஆபீசுக்குப் போன் பண்ணி, பாவம், கடுமையான காய்ச்சல், எழுந்திருக்கவே முடியவில்லை என்று சொன்னாள்.