முந்நூறு கணினிக்கு ஒரே முகவரி

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் தரையில் நலம். நான் மட்டும் நான்கு நாளாக ஏணியில் நலம்.

உங்கள் பெயிண்ட் கடையில் எனக்கு வேலை இருப்பதாக மூன்றாவது முறையும் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். வேண்டாம் மச்சான். எங்கள் கல்லூரியில் கணினி முந்நூறு. வெளியுலகுக்குத் தெரிகிற முகவரி ஒன்றே ஒன்று. வெளியே போகிற ஒவ்வொரு தகவலிலும் அனுப்பியவர் முகவரியை அழித்து அந்த ஒன்றைப் போட வேண்டும், பதில் வந்தால் கேட்டவரிடமே சேர்க்க வேண்டும். இத்தனை வருஷமாக ஒரு பழைய பெட்டி இதைச் செய்துவந்தது. "பெட்டியே வேண்டாம், கன்ட்ரோலர்னு ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்த இடத்திலிருந்து, கணினிகளை இணைக்கிற எல்லா ஸ்விட்சுக்கும் உத்தரவு போடும், புரோகிராம் நானே எழுதறேன்" என்று கூட்டத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். முதல்வர் அம்மா, "வெள்ளிக்கிழமைக்குள்ள ஓடணும். இல்லேன்னா லேப் சாவியைக் குடுத்துட்டுக் கிளம்புங்க" என்றார்.

முதல் நாள், போவதற்கு விதி எழுதி, வருவதற்கு எழுத மறந்தேன். முந்நூறு பேர் கேட்டதற்கும் பதில் வாசலோடு நின்றது. மறுநாள் அதைச் சரிசெய்து, 'எல்லார் முகவரியையும் மாற்று' என்று உத்தரவு போட்டேன். அந்த எல்லாரில் கன்ட்ரோலரும் சேர்த்தி என்பது உறைக்கவில்லை. அதன் முகவரியும் மாறிப்போய், ஸ்விட்சுகளுக்கு எஜமான் யாரென்றே தெரியாமல், தப்பு உத்தரவை வாபஸ் வாங்கவும் வழியில்லாமல் போயிற்று. உட்கார்ந்த கிளையையே வெட்டுகிறவன் என்று என்னைத்தான் சொல்லியிருக்கிறார்கள். மாடி மாடியா ஏணி போட்டு பதினாலு ஸ்விட்சையும் அழிச்சு எழுதினேன். ஏணி பிடிச்ச எலக்ட்ரீஷியன் அண்ணன், "அந்தப் பழைய பெட்டி சும்மாதானே சார் கிடக்கு?"ன்னார். "அதைத் தொட்டா எனக்குக் கெட்ட கோபம் வரும்"னேன். உங்க தங்கச்சி, "எங்கண்ணன் கடையில இருந்தா இந்நேரம் ஃபேனுக்கு அடியில உட்கார்ந்திருப்பீங்க"ன்னா. நான் அசையலை. நேத்து பதினோரு மணிக்கு முந்நூறும் ஓடிச்சு மச்சான். முதல்வர் அம்மா பார்த்துட்டு, "பரவாயில்லையே"ன்னாங்க. எனக்குக் கண் கலங்கிடுச்சு.

ஆகவே கடைக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் பிடிவாதக்கார மாப்பிள்ளை.

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது எலக்ட்ரீஷியன் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். நான் படும் பாட்டைக் காணச் சகிக்காமல், நேற்று பத்தரை மணிக்கே கேபிளைப் பழைய பெட்டியில் சொருகிவிட்டாராம். நேற்றிலிருந்து ஓடுவது அதுதான். நானே போய்ப் பிடுங்கினேன், முந்நூறும் நின்றன. பெட்டியை முதல்வர் அம்மா மேசையில் வைத்து உண்மையைச் சொன்னேன். அவர் சாவி கேட்கவில்லை. "திங்கக்கிழமை வரைக்கும் நெட் இல்லாம நான் சமாளிச்சுக்கறேன். நீங்க சமாளிப்பீங்களா?" என்றார். சமாளிப்பேன் என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை சாயந்திரம் வரை மட்டும் கடைக்கு ஆள் போட்டுவிடாதீர்கள்.